மூன்றாவது சத்தம்

எரியவில்லை, எரியவில்லை, வெயில் பட்டு அப்படித் தெரிகிறது என்று முதல் வளைவு முடியும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அடுத்த வளைவில் வெயில் இல்லை, காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் மரங்கள் ரோட்டை முழுக்க மூடியிருந்தன, அப்போதும் அது எரிந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால், வேகம் காட்டும் முள்ளுக்குக் கீழே, மூக்குடைந்த கெண்டி மாதிரி ஒரு குட்டிப் படம், சாமந்திப் பூ நிறத்தில். சாவி போட்டதும் ஒரு தடவை எரிந்து தானே அணைந்துவிடுகிற விளக்குதான். ஓடும்போது எரிந்தால் என்ஜினில் எங்கோ என்னவோ சரியில்லை என்று அர்த்தம். எங்கே என்று சொல்லாது, என்ன என்று சொல்லாது. பெட்ரோல் குறைந்தால் அதற்கென்று ஒரு விளக்கு இருக்கிறது, பாட்டரிக்கு ஒன்று இருக்கிறது, கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால்கூட ஒன்று இருக்கிறது. இது மட்டும் வாய் பேசாத கைக்குழந்தை காய்ச்சலில் அழுகிற மாதிரி, வயிறா, காதா, தொண்டையா, நீயே கண்டுபிடி என்று அழுதுகொண்டே இருக்கும். நான் செல்போனை எடுத்து அதை மறைக்கிற மாதிரி சாய்த்து வைத்தேன். வண்டி திரும்பியதும் போன் நழுவி மடியில் விழுந்தது. பின்னால் உட்கார்ந்திருக்கிற அக்கா பார்த்திருப்பாளா? கண்ணாடியில் அவள் நெற்றியும், நெற்றிக்கு மேலே கனத்துக் கிடந்த மல்லிகைப் பூவும்தான் தெரிந்தது. கன்னத்தில் பூசிய சந்தனம் காய்ந்து வெடித்திருக்கும், அது தெரியவில்லை. கண் எங்கே பார்க்கிறது என்பதும் தெரியவில்லை.

திரும்பிப் போயிருக்கலாம். தாண்டிக்குடியை விட்டு இறங்கி அப்போது அதிக தூரம் வந்திருக்கவில்லை, பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பைப் போகும்போதே பார்த்திருந்தேன். ஆனால் வளைகாப்பு முடிந்து வாசல்படி தாண்டின பெண், பிள்ளையைப் பெற்றுக்கொண்டுதான் மறுபடி அந்தப் படி ஏற வேண்டும், நடுவில் திரும்பினால் ஆகாது. படி வேண்டாம், ஒர்க்‌ஷாப்போடு நின்றுவிடலாமே என்றால், ஊருக்குள் வண்டி நுழைந்த சேதி என் மச்சான் வீட்டுப் பந்தலுக்கு எனக்கு முன்னால் போய்ச் சேரும். அக்காவின் மாமியார் ஒன்றும் சொல்ல மாட்டார், சொல்லாமல் பார்ப்பார். போன தடவை அஞ்சாம் மாதத்தில் கலைந்தபோதும் அந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் அக்கா அழுதாள். இந்தத் தடவை ஏழில் வேண்டாம், நிலைக்கட்டும், ஒன்பதில் வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டு, தள்ளிப் போட்டு, இன்றைக்குத்தான் கைநிறைய வளையல் அடுக்கி அனுப்பியிருக்கிறார்கள். மாப்பிள்ளை கூடவே வரக் கூடாது என்று மச்சானையும் நிறுத்திக்கொண்டார்கள். நான், அக்கா, முன்சீட்டில் வெள்ளத்தாய் பெரியம்மா. மூன்று பேர். மூன்று பேராய் நல்ல காரியத்துக்குக் கிளம்பக் கூடாதென்று பெரியம்மாதான் ரோட்டோரத்தில் ஒரு கல்லைப் பொறுக்கி, முந்தானையால் துடைத்து, அக்கா பக்கத்தில் சீட்டில் வைத்தார். "இந்தா, நாலாவது ஆளு. எடம் விட்டு ஒக்காரும்மா ரேணுகா, அவருக்குக் காலு நீட்டணும்ல." எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

விளக்கு ஒரே சீராக எரிந்தால் பரவாயில்லை, மெதுவாக ஓட்டிக் கொண்டுபோய்க் காட்டலாம், கண் சிமிட்டினால்தான் ஆபத்து என்று எங்கேயோ கேட்டிருக்கிறேன். யார் சொன்னது? யாரோ. அது நேர்மாறாகவும் இருக்கலாம். இறக்கத்தில் அது அசையாமல் எரிகிறது, நடுவில் ரோடு கொஞ்சம் ஏறும் இடத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் இமைக்கிறது. இமைக்கும்போது வண்டி இருமுகிறது. பெட்ரோல் வாசம் வருகிற மாதிரி இருக்கிறது, இல்லை அது பெரியம்மா மூக்கில் வைத்துக்கொண்டிருக்கும் எலுமிச்சம்பழமா, டிக்கியில் இருக்கும் புளிச்சோறா? வாசங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன், பிரியவில்லை. நின்றுவிட்டால்? ஓடிக்கொண்டிருக்கும்போது என்ஜின் நின்றுவிட்டால் ஸ்டியரிங் கட்டையாகிவிடும், பிரேக் ஒரு மிதி இரண்டு மிதிக்குத் தாங்கும், அதற்குப் பிறகு கருங்கல்லை மிதிப்பது மாதிரி இருக்கும். எனக்குத் தெரியும். போன வருஷம் வத்தலக்குண்டு சந்தைப் பக்கம் ஒரு சின்ன இறக்கத்தில் இதே வண்டி அப்படி நின்று, நான் இரண்டு காலாலும் மிதித்தும் கேட்காமல், டீக்கடை பெஞ்சை மெல்ல, ரொம்ப மெல்ல, மாடு முட்டுகிற மாதிரி முட்டி நின்றது. பெஞ்சில் இருந்தவர் கிளாஸைக் கீழே போடாமலே எழுந்துகொண்டார். "லைசென்ஸ் ஓட்டிக் காட்டி வாங்குனியா, காசு குடுத்து வாங்குனியா?" என்றார். சிரித்தோம். இங்கே பெஞ்சு இல்லை. இடது பக்கம் பாறை, வலது பக்கம் முட்டி உயரத்துக்கு ஒரு கைப்பிடிச் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் மேகம் ஏறி வந்துகொண்டிருந்தது. மேகத்துக்குக் கீழே என்ன இருக்கிறதென்று தெரியாதது நல்லதுதான். ரெண்டாவது கியர். ரெண்டாவது கியரிலேயே இரு. என்ஜின் பிடித்துக்கொள்ளும். என்ஜின் இருந்தால் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம்தான் அந்தச் சத்தம். முதலில் அக்காவின் வளையல் சத்தம் என்று நினைத்தேன், கிளம்பும்போது வண்டி முழுக்க அதுதான் கலகலத்தது. குளிருகிறது என்று அவள் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்ட பிறகு அந்தக் கலகலப்பு அடங்கிப்போனது. இது வேறு. டக், டக், டக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டக், டக், டக். அமுங்கின சத்தம், துணிக்குள் சுற்றிய ஆணியைத் தட்டுகிற மாதிரி. முன்னாலிருந்து வருகிறதா, அடியிலிருந்து வருகிறதா? வளைவில் திரும்பும்போது அவசரமாக அடிக்கிறது, நேர் ரோட்டில் நிதானமாக அடிக்கிறது. எங்கள் தாத்தா ஒரு வண்டிக்காரன் கதை சொல்வார், சோறு ஊட்டுகிற நேரத்தில் சொல்கிற கதையா அது? மலைப்பாதையில் ஒத்தை மாட்டு வண்டி ஓட்டிப் போகிறவனுக்குப் பின்னால் என்னவோ ஏறி உட்கார்ந்துகொள்ளும். திரும்பிப் பார்த்தால் அடித்துவிடும். பார்க்காமல் எப்படித் தெரிந்துகொள்வது? சத்தத்தைப் பிரிக்க வேண்டும். மாட்டுக் கழுத்து மணி ஒன்று. சக்கரத்து அச்சாணி ரெண்டு. இந்த ரெண்டையும் எடுத்துப் போட்டுவிட்டுக் காது கொடு, மூணாவதாக ஒரு சத்தம் மிச்சம் இருக்கிறதா என்பார். அதற்குமேல் சொல்ல மாட்டார், வாயைத் திற என்பார், நான் திறந்த வாயோடு உட்கார்ந்திருப்பேன். என்ஜின் ஒன்று. டயர் ரெண்டு. எடுத்துப் போட்டேன். டக், டக், டக். "ஏண்டா குணா, பொணம் ஏத்திட்டுப் போறாப்புல ஓட்டுற?" என்றார் பெரியம்மா கண்ணைத் திறக்காமல். பிறகு தான் சொன்னது தனக்கே உறைத்து, "என் வாயில மண்ணு, என் வாயில மண்ணு" என்று எலுமிச்சம்பழத்தாலேயே வாயில் தட்டிக்கொண்டார். பின்னாலிருந்து அக்கா ஒன்றும் சொல்லவில்லை. வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் அவள் ஏதாவது சொல்லுவாள். பெரியம்மாவை வம்புக்கு இழுப்பதென்றால் அவளுக்குச் சோறு வேண்டாம்.

ரோடு கொஞ்சம் அகலமாகி, போனில் ரெண்டு கோடு சிக்னல் காட்டிய இடத்தில் ஒண்ணுக்குப் போகணும் என்று சொல்லி நிறுத்தினேன். என்ஜினை அணைக்கவில்லை. அணைத்தால் திரும்பப் பிடிக்காது என்று பயம். ஹேண்ட் பிரேக் பாதிதான் பிடிக்கும், ஆகவே பின்கதவைத் திறந்து அந்தக் கல்லை எடுத்தேன். "அவரை எங்கடா கூட்டிட்டுப் போற?" என்றார் பெரியம்மா. "டயருக்கு முட்டு கொடுக்க, பெரியம்மா." "நாலாவது ஆளுன்னு ஒக்கார வச்சா வேலை வாங்குறானே" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அக்கா என்னைப் பார்க்கவில்லை, சுவருக்கு அந்தப் பக்கம் ஏறிவரும் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லை முன் டயருக்குக் கீழே தள்ளி, பானெட்டைத் தூக்கி வைத்து, சாகுலுக்குப் போன் போட்டேன். என்னோடு படித்தவன், வத்தலக்குண்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். "மாப்ள, என்ஜின் லைட்டு எரியுதுடா. மலையில இருக்கேன். அக்கா கூட இருக்கு." "மினுக்குதா, நெலையா எரியுதா?" "ரெண்டுந்தான்." "நல்லா சொன்ன போ. இழுவை கம்மியா? நேத்து கழுவுனியா வண்டிய?" கழுவினோம். சீர் கொண்டுபோகிற வண்டி, சம்பந்தி வீட்டு வாசலில் நிற்கிற வண்டி, பானெட்டைத் திறந்தால் உள்ளேயும் மின்ன வேண்டும் என்று அப்பா வாட்டர் சர்வீஸில் நின்று என்ஜினுக்குள்ளேயே தண்ணீர் பீய்ச்சச் சொன்னார். பானெட்டைத் திறந்து சம்பந்தி வீட்டில் யார் பார்க்கப்போகிறார்கள்? "அதாண்டா. பிளக்குக்கு மேல தண்ணி நின்னுருக்கும். நாலு சிலிண்டர்ல ஒண்ணு செத்துருச்சு, மூணுல ஓடுது. போனை என்ஜின் கிட்டப் புடி." பிடித்தேன். நாலில் ஒன்று செத்துவிட்டது. இதை ஏன் அவன் அப்படிச் சொன்னான்? மூன்றில் ஓடுகிறது, மூன்று பேராய்ப் போகக் கூடாது, நாலாவதாக வைத்த கல் இப்போது டயருக்கு அடியில் கிடக்கிறது. நாலாவது ஆள் கல் இல்லை, ஏற்கெனவே அக்கா வயிற்றுக்குள் ஒரு ஆள் இருக்கிறதே, கிளம்பும்போது அதை யாரும் ஏன் எண்ணவில்லை? "மூணுல ஓடுற தடதடப்புத்தான் கேக்குது" என்றான் சாகுல். "இல்லடா, அதில்ல, ஓடும்போது டக்கு டக்குன்னு ஒண்ணு. விட்டு விட்டு அடிக்குது." அவன் குரல் மாறியது. "பேரிங்கா இருந்தா வண்டிய நகட்டாத மாப்ள. உருகிப் பிடிச்சுக்கும். வெளையாடாத, அக்கா வேற இருக்கு. அணைச்சுட்டு அங்கயே நில்லு. நான் கையில இருக்குறத முடிச்சுட்டு ஆளைக் கூட்டிட்டு ஏறி வர்றேன், சாயங்காலம் ஆயிரும்." சரி என்றேன். எத்தனை நிம்மதியாக இருந்தது அந்த 'நில்லு'. நிற்பதற்குத்தான் கிளம்பினதிலிருந்து யாராவது ஒருத்தர் உத்தரவு கொடுக்க மாட்டாரா என்று இருந்தேன். மேகம் வந்து மூடட்டும், சாயங்காலம் ஆகட்டும், புளிச்சோறு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. பானெட்டைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். என்ஜின் ஒரு தடவை உடம்பை உலுக்கிக்கொண்டு அடங்கியது.

டக், டக், டக். என்ஜின் இல்லை, டயர் இல்லை, காற்றுகூட இல்லை, பெரியம்மா வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். இடைவெளி. டக், டக், டக். வண்டிக்குள்ளிருந்துதான் வருகிறது. என் முதுகுக்குப் பின்னாலிருந்து. திரும்பிப் பார்க்காதே, அடித்துவிடும் என்று யாரோ சொன்னார்கள், யாரோ இல்லை, தாத்தாதான், செத்துப்போனவர். நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா சேலை முந்தானைக்கு அடியில், ஸ்வெட்டர் கையோடு மணிக்கட்டை வயிற்றில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கவனித்தாள். மறுபடி தட்டினாள். ஸ்வெட்டருக்குள் நெருக்கமாக அடுக்கின கண்ணாடி வளையல்கள் அமுங்கி அமுங்கி டக், டக் என்றன. நான் பார்ப்பதைப் பார்த்ததும் கையை எடுக்கவில்லை. "வளையல் சத்தத்துக்குத் திரும்பும்னாங்களேடா" என்றாள். ரொம்பச் சாதாரணமாக, குழம்பில் உப்பு போதவில்லை என்கிற மாதிரி. "நேத்து ராத்திரி படுக்கும்போது ஒரு ஒதை. அப்புறம் இல்ல. காலையிலருந்து அசையல." "ஏங்க்கா சொல்லல?" "யார்ட்ட சொல்ல? விடிஞ்சு எந்திரிக்கும்போதே சந்தனம் கொழச்சு வச்சுட்டாக. பந்தல் போட்டுருக்கு, சனம் வந்துருச்சு. தூங்குது, தூங்குதுன்னு நெனச்சுக்கிட்டே ஒக்காந்திருந்தேன். சொல்லிட்டா நெசமாயிரும்ல." ஆளாளுக்கு வந்து கன்னத்தில் சந்தனம் பூசி, கையில் வளையல் போட்டு, அட்சதை தூவியபோது இவள் நடுவில் உட்கார்ந்து உள்ளுக்குள் காது கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் போட்டோ எடுத்தேன். சிரிக்கா, இங்கே பார் என்றேன். பார்த்தாளே. "எனக்கும் ஒண்ணு இருக்குக்கா, வண்டி லைட்டு..." "பாத்தேன். மொத வளைவுலயே பாத்தேன். உன் கழுத்தப் பாத்தாலே தெரியும், இப்புடி வெறச்சுக்கிட்டு." பிறகு குரலைத் தாழ்த்தி, "சாகுல் என்ன சொன்னான்?" என்றாள். "அணைச்சுட்டு நிக்கச் சொல்றான். ஓட்டுனா நின்னு போகும்னு." வயிற்றில் இருந்த அவள் கை தேடிக்கொண்டே இருந்தது. "ஓட்டு" என்றாள். "வீட்டுக்கு வேணாம். நேரா ஆஸ்பத்திரிக்கு ஓட்டு."

முதல் தடவை பிடிக்கவில்லை. ரெண்டாவது தடவையும் பிடிக்கவில்லை. நான் யாரை வேண்டினேன், எந்தச் சாமிப் பேரும் வாயில் வரவில்லை, பிடி, பிடி, பிடி என்றேன், பிடித்தது. கொஞ்சம் பின்னால் எடுத்து, கல்லை அங்கேயே விட்டு ஒடித்துத் திருப்பினேன். "டேய், அவரு, கல்லு!" என்று பெரியம்மா விழித்துக்கொண்டு கத்த, அக்கா, "பெரியம்மா, சும்மா வா" என்றாள். அந்தக் குரலில் அவள் பெரியம்மாவிடம் பேசி நான் கேட்டதில்லை. பெரியம்மா மெல்லப் பின்னால் திரும்பி, அக்காவைப் பார்த்து, வயிற்றைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் முன்னால் திரும்பினார். எலுமிச்சம்பழம் மடியிலிருந்து உருண்டு காலடியில் போனது, எடுக்கவில்லை. விளக்கு இப்போது இறக்கத்திலும் இமைத்தது. இமைக்கட்டும். ஒவ்வொரு வளைவிலும் ஹாரனை அடித்தேன், மேகத்துக்குள்ளிருந்து பதில் ஹாரன் வந்தால் ஒதுங்கினேன், வராவிட்டால் போனேன். பயம் போகவில்லை, ஆனால் இடம் மாறிவிட்டது. இதுவரைக்கும் என்ஜினுக்குள் இருந்தது, இப்போது என் முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் தட்டும்போது பயமில்லை, தட்டிவிட்டுக் கேட்கும்போதுதான் பயம். ஏதாவது சொல்லுக்கா, அசைந்ததா என்று கேட்க வேண்டும், கேட்கவில்லை. இல்லை என்று அவள் சொல்லிவிட்டால் ஸ்டியரிங்கை என்ன செய்வேனோ தெரியாது. நின்றுவிடாதே. நின்றுவிடாதே என்று யாரிடம் சொல்கிறேன், வண்டியிடமா? ஒன்று செத்தாலும் மூன்றில் ஓடுகிறாயே, ஓடு. மேகத்தை விட்டு வெளியே வந்ததும் கீழே தென்னந்தோப்புகள் தெரிந்தன, வெயில் சுள்ளென்று அடித்தது, காது அடைத்துத் திறந்தது. தட்டுகிற சத்தம் நின்றிருந்தது. எப்போதிலிருந்து? பின்சீட்டு தெரிகிற கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தேன். அக்கா இரண்டு கையையும் வயிற்றின் மேல் அப்படியே வைத்து, தட்டாமல், கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. அதனிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியதும் வண்டி தானாகவே அணைந்துபோனது. வாட்ச்மேன், "யோவ், ஆம்புலன்ஸ் வர்ற எடம்யா, எடு, எடு" என்றார். "எடுக்காதுண்ணே" என்றேன். அக்காவின் வயிற்றைப் பார்த்துவிட்டு அவரே ஓடிப்போய்த் தள்ளுநாற்காலியைக் கொண்டுவந்தார். உள்ளே ஒரு நர்ஸம்மா சந்தனக் கன்னத்தையும் கைநிறைய வளையலையும் பார்த்துச் சிரித்தார். "என்ன, வளைகாப்பு முடிச்ச கையோட இங்கயே வந்தாச்சா? வலி வந்துருச்சா? குழந்தை அசைவு எப்படி இருக்கு?" அக்கா வாயைத் திறந்தாள். அவளுக்கு முந்தி பெரியம்மா, "நல்லாத் துள்ளுதும்மா, ஒரு கொறையும் இல்ல, சும்மா ஒரு தடவ பாத்துட்டுப் போலாமுன்னுதான்..." என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பு உதட்டில் மட்டும் இருந்தது, கை அக்காவின் தோளை இறுக்கிப் பிடித்திருந்தது. பெரியம்மாவும் சொல்லிவிட்டால் நிஜமாகிவிடும் என்றுதான் பயப்படுகிறார். நர்ஸம்மா, "அப்ப ஒக்காருங்க, டாக்டரம்மா சாப்பிட்டு வரட்டும்" என்று சொல்லித் திரும்பினார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் இரைந்து பேசத் தெரியாதவன், கடையில் மீதிச் சில்லறைகூடக் கேட்டு வாங்காதவன். "இல்லீங்க" என்றேன். கேட்கவில்லை அவருக்கு. "இல்லீங்க! நேத்து ராத்திரியிலருந்து அசையல. ஒரு தடவகூட அசையல." அந்தக் கூடத்தில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள். பெரியம்மா, "அட பாவி" என்று என் கையில் அடித்தார், அடித்துவிட்டு அந்தக் கையையே பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். நர்ஸம்மா அழவும் இல்லை, திட்டவும் இல்லை. நாற்காலியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு ஓடினார்.

கதவு முழுசாகச் சாத்தவில்லை. ஒரு கை அகலத்துக்குத் திறந்திருந்தது, திரைத்துணி தெரிந்தது. உள்ளே ஏதோ ஒரு சின்ன மெஷினை வயிற்றில் வைத்துத் தேடுகிறார்கள், ரேடியோவில் ஸ்டேஷன் கிடைக்காத மாதிரி கரகரவென்று இரைச்சல். "இங்கிட்டுத் திரும்பிப் படும்மா." கரகர. "மூச்ச அடக்காத, நல்லா விடு." கரகர. பக்கத்தில் யாருடைய குழந்தையோ அழுதது, ஒரு வாளி தரையில் இழுபட்டது, பெரியம்மா மூக்கைச் சிந்தினார், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டு நான் நின்றேன். இரைச்சல் நின்றது. மெஷினை எடுத்துவிட்டார்கள். எடுத்துவிட்டார்கள் என்றால்? மறுபடி வைத்தார்கள். கரகர. ரொம்ப நேரம், அல்லது ரொம்ப நேரம் இல்லை. அப்புறம் இரைச்சலுக்கு அடியில் எங்கோ, தண்ணீருக்குள் யாரோ ஓடுகிற மாதிரி, களைத்துப்போய், விட்டுவிட்டு, ஆனால் ஓடுகிற மாதிரி ஒன்று கேட்டது. "இருக்குது" என்றது நர்ஸம்மாவின் குரல். "துடிப்பு ரொம்பக் கொறைவா இருக்கு. டாக்டரம்மாவக் கூப்புடு, தியேட்டரத் தொறக்கச் சொல்லு, ஓடு, ஓடு." ஒருத்தி என்னை இடித்துக்கொண்டு ஓடினாள். கதவைச் சாத்தினார்கள். உள்ளே அந்த ஓட்டம் கேட்கிறதா இல்லையா என்று இனித் தெரியாது. "குணா, ஒக்காருடா, விழுந்துரப்போற" என்றார் பெரியம்மா. சுவரோடு சரிந்து தரையிலேயே உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், என் வலது கால் மட்டும் இன்னும் விறைத்து நீண்டு, ஆஸ்பத்திரித் தரையை முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது.